குடியரசு நாளன்று பெங்களூர் அல்சூரிலிருந்து நந்தி மலையடிவாரத்துக்கு: எட்டுப் பேர் ஓடும் தொடர் ஓட்டத்தைத் திட்டமிடும் முறை

எட்டுப் பேர் மாறி மாறி அறுபது கிலோமீட்டர் ஓடும் ஒரு நாளில் ஒருவர் உண்மையில் ஓடும் நேரம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் இருக்கும். மீதமுள்ள ஆறரை மணி நேரமும் அவர் வண்டியில் உட்கார்ந்திருப்பார், சாலையோரத்தில் நின்றிருப்பார், அடுத்தவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார், அல்லது கழிப்பறை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருப்பார். முதல் ஆண்டு நாங்கள் ஓட்டத்துக்கு மட்டும் மூன்று மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு, காத்திருப்பைப் பற்றி ஒரு மணி நேரம்கூட யோசிக்காமல் கிளம்பினோம். அந்த நாளில் நேர்ந்த தொல்லைகளில் பெரும்பாலானவை ஓடும்போது வந்தவை அல்ல. ஆகவே இந்த வழிகாட்டியில் ஓட்டப் பயிற்சிக்குக் குறைவான இடமும், வண்டி, நேரக்கணக்கு, ஓடி முடித்தவர் தன் தோள்துண்டை அடுத்தவரிடம் கைமாற்றும் இடம் ஆகியவற்றுக்கு அதிகமான இடமும் இருக்கும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்கலாம். தேசிய விடுமுறைகள் மூன்றில் பெங்களூரின் வானிலைக்கு ஒத்துவருவது ஜனவரி 26 ஒன்றுதான். ஆகஸ்டு 15 அன்று தூறலும் ஈரச் சாலையும் ஏறத்தாழ உறுதி. அக்டோபர் 2 வரும் பருவமோ இந்த நகரத்தில் மழை மிகுந்த பருவம். ஜனவரி இறுதியில் விடியற்காலை வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இருக்கும், நண்பகலுக்கு முன் கடும் வெயில் இருக்காது, மழைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொரு வசதியும் உண்டு. மார்கழியில் விடியலுக்கு முன்பே எழுந்து கோயிலுக்குப் போய்ப் பழகிய வீடுகளில், மூன்றரை மணிக்கு அலாரம் அடிப்பதைப் பற்றி யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரே சிக்கல், பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் ஒரு வாரம் ஓடாமல், சர்க்கரைப் பொங்கலையும் விருந்தையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு திரும்புவதுதான். அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு, கடினமான பயிற்சிகளைப் போகிப் பண்டிகைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பாதையைப் பொறுத்தவரை, பெங்களூர்த் தமிழர்கள் பலருக்கும் முதலில் தோன்றுவது ஓசூர் சாலைதான். எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகச் சொந்த மாநிலத்துக்குள் ஓடி நுழைவது கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் லாரிகள் ஓயாத தேசிய நெடுஞ்சாலையில் இருட்டில் ஓடுவது அறிவுடைமை ஆகாது. மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் இருசக்கர வாகனங்களுக்கே 2023 ஆகஸ்டிலிருந்து அனுமதி இல்லை என்னும்போது, கால்நடையாக ஓடுபவருக்கு அங்கே என்ன வேலை? நாங்கள் பல முறை வண்டியில் போய்ப் பார்த்துத் தேர்ந்த பாதை, அல்சூர் ஏரிக்கரையில் உள்ள திருவள்ளுவர் சிலையில் தொடங்கி, பிரேசர் டவுன், ஜெயமகால், மேக்ரி சர்க்கிள், ஹெப்பாள், எலகங்கா, ராஜானுகுண்டே, தொட்டபள்ளாபூர் வழியாக நந்தி மலையடிவாரத்தில் முடிகிறது. மொத்தத் தூரம் அறுபது கிலோமீட்டரை ஒட்டி வரும். 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் சாக்குப் போர்வைக்குள் காத்திருந்து, 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலைக்கு முன்னால், காத்திருப்பே முக்கியமான ஒரு பயணத்தைத் தொடங்குவது பொருத்தமாகவே எங்களுக்குப் பட்டது.

பாதையில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. குடியரசு நாள் அணிவகுப்பு மானெக்ஷா மைதானத்தில் நடப்பதால் கப்பன் சாலையிலும் அதைச் சுற்றியும் அதிகாலையிலேயே தடுப்புகள் வந்துவிடும். அல்சூரிலிருந்து மேற்கே திரும்பாமல் பிரேசர் டவுன் பக்கமாக வடக்கே போய்விட்டால் அந்தத் தொல்லை இல்லை. அடுத்தது ஹெப்பாள் மேம்பாலம். அதன் மேல் ஒருபோதும் ஓடக் கூடாது. கீழே உள்ள சாலையில் ஓட வேண்டும், சந்திப்பைக் கடக்கும்போது ஓட்டத்தை நிறுத்தி நடந்தே கடக்க வேண்டும். விமான நிலையத்துக்கு விரையும் டாக்சிகள் விடியற்காலை நான்கு மணிக்கும் ஓய்வதில்லை.

மலை உச்சிவரை ஓட வேண்டும் என்று அணியில் ஒருவராவது அடம்பிடிப்பார். 1478 மீட்டர் உயரத்தில் கோட்டைச் சுவருக்கு அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆசை எனக்கும் இருந்தது, முதல் ஆண்டு அதையும் செய்து பார்த்தோம். விடுமுறை நாளில் அந்த வளைவுச் சாலை முழுவதும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் நேரத்தில் முன்னால் நிற்கும் வண்டியின் புகையையே குடிக்க வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, கூட்டம் மிகுந்தால் மலைமேல் வாகனங்களை விடாமல் தடுப்பதும் உண்டு. ஆகவே அடிவாரத்தில் முடிப்பதே என் பரிந்துரை. ஏற்றம் வேண்டுமென்றால் வேறொரு சாதாரண நாளில் தனியாக வரலாம்.

இனி, தூரத்தைப் பிரிக்கும் கணக்கு. எட்டுப் பேருக்கும் தலா இரண்டு கட்டங்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் பதினாறு கட்டங்கள், ஒவ்வொன்றும் மூன்றரை முதல் நான்கரை கிலோமீட்டர். இதில் பெரும்பாலானோர் செய்யும் பிழை, அணியில் நன்றாக ஓடுபவரின் வேகத்தை வைத்து நேரத்தைக் கணிப்பதாகும். எங்கள் அணியில் மூவர் ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்திலும், மூவர் 7 நிமிடத்திலும், இருவர் எட்டரை நிமிடத்திலும் ஓடுபவர்கள். எல்லோருக்கும் சம தூரம் என்றால் சராசரி 7 நிமிடம், அறுபது கிலோமீட்டருக்கு 420 நிமிடம், அதாவது 7 மணி நேரம். அதனுடன் பதினைந்து மாற்றங்களுக்குத் தலா ஒரு நிமிடம் சேர்க்க வேண்டும். இரண்டாவது கட்டத்தில் எல்லோருக்கும் கால் இறுகிப் போயிருக்கும் என்பதால் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் வீதம் இன்னொரு பதினைந்து நிமிடம் சேர்க்க வேண்டும். ஏழரை மணி நேரம் வருகிறது. நான்கு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றரைக்கு முடியும். இதை ஒரு தடித்த அட்டையில் கட்டம், பெயர், தொடங்கும் இடம், எதிர்பார்க்கும் நேரம் என்று பெரிய எழுத்தில் எழுதி வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடுங்கள். கைபேசியில் இருக்கும் அட்டவணையை வியர்த்த விரலால் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

யார் எந்தக் கட்டத்தில் ஓடுவது என்பதில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. மெதுவாக ஓடுபவர்களுக்கு ஏழாவது, எட்டாவது கட்டங்களைக் கொடுக்க வேண்டும். அப்போது அவர்களுடைய முதல் ஓட்டம் பொழுது விடிந்த பிறகு, ராஜானுகுண்டேயைச் சுற்றி, நல்ல வெளிச்சத்தில் அமையும். இருட்டில் நகரத்துக்குள் ஓடும் முதல் நான்கு கட்டங்களை வேகமும் அனுபவமும் உள்ளவர்களிடம் விடலாம். எட்டாவது கட்டக்காரருக்கே பதினாறாவது கட்டமும் வரும் என்பதால், கடைசியாக அடிவாரத்தை எட்டுபவரும் அவராகவே இருப்பார். எங்களில் அது அறுபதை நெருங்கும் ஓர் அக்கா. அவருடைய கடைசி இருநூறு மீட்டரை மீதி ஏழு பேரும் கூடவே ஓடி முடிக்கிறோம்.

தொடர் ஓட்டத்தில் கைமாற்றுவதற்குக் கோல் தேவையில்லை, துண்டு போதும். ஜப்பானில் புத்தாண்டு விடுமுறையில், ஜனவரி 2, 3 ஆகிய இரு நாட்களிலும், பல்கலைக்கழக அணிகள் டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குப் போய்த் திரும்பும் நெடுந்தொடர் ஓட்டம் ஒன்று 1920 முதல் நடந்துவருகிறது. அணிக்குப் பத்துப் பேர், மொத்தம் ஏறத்தாழ 217 கிலோமீட்டர். அங்கே ஓடுபவர் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு வரும் துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவர் கையில் கொடுப்பார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நம் ஊரில் இதற்கென்றே ஈரிழைத் துண்டு இருக்கிறதே என்று தோன்றியது. துண்டு வியர்வையைத் துடைக்கும், வெயில் வந்தால் தலையில் கட்டலாம், தூரத்தில் வருபவரை வெள்ளை நிறத்தால் அடையாளம் காணலாம். பதினாறாவது கட்டத்தில் அதை வாங்கிக்கொள்பவருக்கு மட்டும் சற்று மனத்துணிவு வேண்டும்.

அந்த ஜப்பானிய ஓட்டத்திலிருந்து இன்னொரு பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம். முன்னணி அணிக்கு வெகுவாகப் பின்தங்கிவிட்ட அணிகளில், சாலையை நெடுநேரம் மூடிவைக்க முடியாது என்பதால், முந்தையவர் வந்து சேர்வதற்கு முன்பே அடுத்தவரை ஓட அனுப்பிவிடுவார்கள். நாங்களும் அட்டவணைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கினால் ஒரு கட்டத்தை வண்டியிலேயே கடந்துவிடுவது என்று முன்னதாகவே முடிவு செய்துகொள்கிறோம். எந்தக் கட்டத்தை விடுவது என்பதையும் வீட்டிலேயே பேசித் தீர்த்துவிட வேண்டும். களைத்த எட்டுப் பேர் சாலையோரத்தில் நின்று ஒருமனதாக முடிவெடுத்ததாக நான் கண்டதில்லை.

மாற்றும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. இரண்டாம் ஆண்டு, எலகங்காவில் ரயில் சக்கரத் தொழிற்சாலையைத் தாண்டியதும் வரும் பெட்ரோல் பங்க் என்று அட்டையில் எழுதியிருந்தோம். விடியாத வேளை, மூடுபனி வேறு. ஐந்தாவதாக ஓடிவந்த நண்பர் முதலில் கண்ணில் பட்ட பங்க்கில் நின்றுவிட்டார். வண்டியும் அடுத்து ஓட வேண்டியவரும் அறுநூறு மீட்டர் தள்ளி, சாலையின் மறுபக்கத்தில் இருந்த இன்னொரு பங்க்கில் காத்துக்கொண்டிருந்தார்கள். ஓடியவரின் கைபேசி வண்டியில் இருந்தது. நனைந்த பனியனோடு அவர் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, பங்க் ஊழியர் கொடுத்த சாக்கின் மேல் உட்கார்ந்து இருபது நிமிடம் நடுங்கியிருக்கிறார். கடைசியில் ஓட்டுநர் அண்ணாதான், ‘முன்னாடியே ஒண்ணு பார்த்தேனே, ஒருவேளை அங்க நின்னுட்டாரோ’ என்று வண்டியைத் திருப்பினார். அதற்குப் பிறகு நாங்கள் கடைப்பிடிப்பது இதுதான்: டிசம்பரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் பாதையையும் வண்டியில் போய், ஒவ்வொரு மாற்றும் இடத்தையும் சாலையின் எந்தப் பக்கம் என்பதோடு படம் எடுத்து, இருப்பிடக் குறியுடன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். ஓடுபவர் கைபேசியைக் கட்டாயம் உடன் வைத்திருக்க வேண்டும். வண்டி நிறுத்த அகலமான மண்தரை, விளக்கு வெளிச்சம், சற்று நேரான சாலை ஆகிய மூன்றும் இல்லாத இடத்தை, தூரக் கணக்குக்கு எவ்வளவு பொருந்தினாலும், விட்டுவிட வேண்டும்.

ஓடுபவர் எப்போதும் சாலையின் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும். வண்டி நிற்பதோ இடது ஓரத்தில். ஆகவே ஒவ்வொரு மாற்றத்திலும் யாராவது ஒருவர் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். அவர் புதிதாக ஓடத் தொடங்குபவராகவே இருக்கட்டும். துண்டு கைமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அவர் நிதானமாக வலப்பக்கம் வந்து நிற்க வேண்டும். ஓடி முடித்தவர் மூச்சு அடங்கும்வரை அங்கேயே நின்று, இன்னொருவர் துணையோடு வண்டிக்கு வர வேண்டும். களைத்தவர் கண்ணுக்கு வண்டியின் கதவு மட்டுமே தெரியும், சாலை தெரியாது.

வண்டியைப் பற்றி: பன்னிரண்டு இருக்கை டெம்போ டிராவலர் ஒன்று போதும், அதனுடன் ஒரு ஸ்கூட்டர் இருந்தால் மிக நல்லது. இருட்டான நேரத்தில் ஸ்கூட்டர் ஓடுபவருக்குச் சற்றுப் பின்னால் ஒளி காட்டிக்கொண்டு வரும், வண்டி அடுத்த இடத்துக்கு முன்கூட்டியே போய்விடும். ஓட்டுநரிடம் முன்பணம் கொடுக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி, முந்தின இரவு அவருக்கு வேறு பயணம் இருக்கிறதா என்பதாகும். ஒரு முறை எங்களுக்கு வந்தவர் அன்றிரவுதான் திருப்பதி போய்த் திரும்பியிருந்தார். தொட்டபள்ளாபூரைத் தாண்டியதும் அவரைப் பின்னிருக்கையில் படுக்கவைத்துவிட்டு, உரிமம் உள்ள எங்களில் ஒருவர் வண்டியை ஓட்ட நேர்ந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், விடுமுறை வாரத்தில் கிடைக்கிற சவாரியை விட யாருக்கு மனம் வரும்? கேட்காதது எங்கள் பிழை. எட்டுப் பேருக்குக் கட்டும் சிற்றுண்டியோடு அவருக்கும் ஒரு பொட்டலம் சேர்த்துக் கட்டுங்கள், பேட்டாவை இறங்கும்போது பேரம் பேசாமல் கொடுங்கள்.

நகரத்துக்குள் நாய்கள் உண்டு. கூட்டமாகக் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை உடனே நிறுத்தி, கண்ணுக்குக் கண் பார்க்காமல் மெல்ல நடந்து கடக்க வேண்டும். நேரம் போகிறதே என்று வேகம் கூட்டினால் அவையும் வேகம் கூட்டும். கடித்துவிட்டால், சிறு கீறலே ஆனாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும், ஓட்டம் அத்தோடு முடிந்தது. பிரதிபலிக்கும் மேல்சட்டையும் நெற்றி விளக்கும் ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை, மூன்று செட் இருந்தால் சுழற்சியில் போதும். சூரியன் ஆறே முக்காலுக்குத்தான் வரும் என்பதால் முதல் ஆறு கட்டங்களுக்கு அவை கட்டாயம். பெண்கள் இருட்டில் ஓடும் கட்டங்களில் இருவராக ஓடட்டும். கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க்குகளையே நம்ப வேண்டியிருக்கும், எவை அதிகாலையில் திறந்திருக்கின்றன என்பதை டிசம்பர் பயணத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உணவில் புதுமை எதுவும் வேண்டாம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி நண்பகல்வரை கெடாது, வயிற்றில் கனக்காது. தேங்காய்ச் சட்னியை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஓடி முடித்த அரை மணிக்குள் இரண்டு இட்லி, அடுத்த ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு ஏலக்கி வாழைப்பழம், இடையில் கடலைமிட்டாய், உப்புப் போட்ட நீர்மோர். இதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலத்தைக் கையளவு நீரில் கரைத்துக் குடித்தால் வயிறு கெடும். அதேபோல், தாகம் இல்லாமலே லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பதும் இரத்தத்தில் உப்பின் அளவைக் குறைத்துத் தலைசுற்றலில் கொண்டுபோய் விடும். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், அன்றைய மருந்தை எந்த நேரத்தில் எடுப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். 108 என்ற எண்ணை அட்டையின் மேல் மூலையில் எழுதி வையுங்கள்.

பயிற்சிக்கு எட்டு வாரம் போதுமானது. நான்கு கிலோமீட்டரை நிற்காமல் ஓடக்கூடிய எவரும் இந்த அணியில் சேரலாம். கடினம் வேறெங்கோ இருக்கிறது: முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழும், அதில் பெரும்பகுதி வண்டி இருக்கையில் முழங்காலை மடக்கியபடி கழியும். அதற்குப் பழக, ஞாயிறு தோறும் கப்பன் பூங்காவிலோ அல்சூர் ஏரிக்கரையிலோ ஐந்தரை மணிக்கு ஒரு முறை ஓடிவிட்டு, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துவிட்டு, ஒன்பது மணிக்கு மறுபடியும் ஓட வேண்டும். இரண்டாவது ஓட்டத்தின் முதல் ஐந்நூறு மீட்டர் மரக்காலில் ஓடுவதுபோல் இருக்கும். அது இயல்பு என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டால் அன்றைக்குப் பதற்றம் வராது. ஆளுக்கு இரண்டு பனியன், இரண்டு இணை காலுறை, ஒரு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா வண்டியில் இருக்க வேண்டும். ஓடி முடித்த பத்தாவது நிமிடம் பெங்களூர்க் குளிர் முதுகில் ஏறும்.

தேசியக் கொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆர்வத்தில் நடக்கும் தவறுகள் இதில்தான் அதிகம். கொடியை முதுகில் போர்த்திக்கொண்டு ஓடுவது, வண்டியின் கூரையிலோ பக்கங்களிலோ விரித்துக் கட்டுவது, அதன்மேல் அணியின் பெயரை எழுதுவது ஆகியவை 2002ஆம் ஆண்டின் கொடி விதித் தொகுப்புக்கும், 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்துக்கும் எதிரானவை. நாங்கள் கொடி எடுத்துப் போவதில்லை, வழியிலேயே கொடி வருகிறது. எட்டரை மணி அளவில், தொட்டபள்ளாபூருக்குச் சற்று முன்னால், சாலையை ஒட்டிய அரசுப் பள்ளியில் கொடியேற்றுவார்கள். தேசிய கீதம் காதில் விழுந்ததும் ஓடுபவர் நின்றுவிட வேண்டும். அதற்கு ஆவது 52 விநாடிதான், அட்டவணையில் இரண்டு நிமிடம் ஒதுக்கிவிடலாம். சென்ற முறை அங்கே நின்ற எங்கள் நண்பர் கையில் ஒரு சிறுமி இரண்டு ஆரஞ்சு மிட்டாய்களைத் திணித்துவிட்டுப் போனாள். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மற்றதைத் துண்டோடு சேர்த்து அடுத்தவரிடம் கொடுத்தார்.

அனுமதி பற்றிப் பலர் கேட்கிறார்கள். பதாகை, ஒலிபெருக்கி, சாலையை மறித்தல் ஆகியவை இருந்தால் காவல்துறை அனுமதி பெற்றே ஆக வேண்டும். ஒருவர் பின் ஒருவராக ஓரத்தில் ஓடும் எட்டுப் பேர் ஆரவாரமில்லாமல் இருப்பதே நல்லது. அன்றைக்குக் காவலர்கள் விழிப்போடு இருப்பார்கள் என்பதால் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொன்றரைக்கு முடித்த பிறகு அங்கே நெடுநேரம் தங்க வேண்டாம். நந்தி கிராமத்தில் உள்ள போக நந்தீஸ்வரர் கோயில் பழமையானது, அமைதியானது, அதன் குளக்கரைப் படிகளில் கால் நீட்டி உட்கார அரை மணி நேரம் ஒதுக்கலாம். ஒரு மணிக்குள் கிளம்பிவிட்டால் ஹெப்பாளில் மாட்டிக்கொள்ளாமல் வீடு சேரலாம், மாலையானால் மலையிலிருந்தும் விமான நிலையத்திலிருந்தும் திரும்பும் வண்டிகள் எல்லாம் அங்கேதான் வந்து குவியும். டீசல், வாடகை, பேட்டா, தண்ணீர் ஆகியவற்றின் கணக்கை வண்டியிலேயே எட்டால் வகுத்து வாங்கிவிடுங்கள். இறங்கிய பிறகு எட்டுப் பேரையும் மறுபடி ஒன்றுசேர்ப்பது அறுபது கிலோமீட்டர் ஓடுவதைவிடக் கடினம். துண்டைத் துவைப்பது யார் என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.